மாலை போடாம விட்ட சிகரெட்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், கடை கடையா சரக்கு போடற லைன் வேலைல நேரமே கெடைக்கல. இன்னிக்கு வண்டிய சர்வீசுக்கு விட்டுட்டு அஸ்தம்பட்டில ஒரு திண்ணைல ஒக்காந்து போன்லயே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

சிகரெட்ட விட்டு ஏழு மாசம் ஆச்சு. போன செப்டம்பர் 14ம் தேதி. அதுக்கு முன்னாடி பதினாறு வருஷம், ஒரு நாளைக்கு பன்னெண்டு. ஒண்ணு 18 ரூபான்னு வச்சா தெனம் 216 ரூபா, மாசத்துக்கு ஆறாயிரத்து ஐநூறு கிட்ட வருது. இந்தக் கணக்க என் பொண்டாட்டி எத்தனையோ தடவ சொல்லிருக்கா, அதுக்காகவா விட்டேன்னா இல்ல, காசு கணக்கு பாத்து சிகரெட்ட விட்டவன நான் இன்னும் பாக்கல.

யார்கிட்ட சொன்னாலும் மொதல்ல கேக்கறது "மாலை போட்டப்ப அப்படியே விட்டுட்டியா?"ன்னுதான். அதான் இல்ல. விடறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன், ஆறு வருஷமும் 48 நாள் ஒரு தம் கூட அடிச்சதில்ல (மாலையோட மறைவா போயி பீடி இழுக்கற சாமிங்களையும் பாத்திருக்கேன், அது அவங்களுக்கும் ஐயப்பனுக்கும் உள்ள கணக்கு, நமக்கெதுக்கு). ஆனா ஆறு தடவையும் மலைலருந்து திரும்பி வந்து, மாலைய கழட்டி சாமி படத்துல மாட்டிட்டு, கால் மணி நேரத்துல சட்டைய மாட்டிக்கிட்டு கடைக்கு கெளம்பிடுவேன். நிகோடின் ஒடம்ப விட்டு போறதுக்கு ரெண்டு மூணு நாள் போதும், ஒடம்பு படுத்தற பாடு அந்த மூணு நாள்லதான் உச்சத்துல இருக்கும், மூணு நாலு வாரத்துல அதுவும் அடங்கிடும். அப்ப 48வது நாள் என் ஒடம்புக்கு சிகரெட்டே தேவையில்ல. மொத இழுப்பு இழுத்ததும் தல கிறுகிறுன்னு சுத்தி கடை பக்கத்து திண்டுலயே ஒக்காந்திருக்கேன். ஒக்காந்த எடத்துலயே ரெண்டாவதுக்கு காசு எடுத்து குடுத்திருக்கேன். சாயங்காலத்துக்குள்ள நாலு ஓடிடும்.

ஏன்னு ரொம்ப நாளா புரியல. இப்ப புரியுது, அந்த 48 நாளும் நான் சிகரெட்ட விடல, 49வது நாள் சிகரெட்டுக்காக காத்துட்டு இருந்தேன். எப்ப கழட்டுவோம்னு தேதி தெரிஞ்சா எவனாலயும் இருந்துட முடியும். கழட்டுற தேதியே கெடையாதுன்னு வரும்போதுதான் வயித்துல புளியக் கரைக்கும்.

என் வேலை வேற அப்படி. சேலத்துலருந்து பிஸ்கட்டு, கடலமிட்டாய், மிக்சர் பாக்கெட்டெல்லாம் சின்ன யானைல ஏத்திக்கிட்டு வாரத்துக்கு மூணு நாள் ஏற்காடு லைன். ஒண்டிக்கடை, நாகலூர், மஞ்சக்குட்டைன்னு சரக்கு போடற கடை அம்பதுக்கு மேல, அம்பது கடைலயும் கல்லா மேல சிகரெட் பெட்டி, பக்கத்துல கயித்துல கட்டித் தொங்கவிட்ட லைட்டர். சாராயத்த விடணும்னு நெனக்கறவன் ஒயின்ஷாப் பக்கம் போகாம இருக்கலாம். நான் எங்க போறது?

ஆனா அதே பெட்டிக்கடைதான் வழியும் காட்டுச்சுன்னு சொல்லணும். பெட்டிக்கடைக்காரங்க சிகரெட் அட்டைய கிழிச்சு உள்பக்கத்துலதான் கணக்கு எழுதுவாங்க, தெரியும்ல. நாகலூர்ல ஒரு அண்ணன் அப்படித்தான் ஆர்டர் எழுதிக் குடுத்தாரு, "மிக்சர் 2 சரம், பன்னு வேண்டாம்"னு. அத சட்டைப் பைல போட்டுக்கிட்டு வந்து ராத்திரி வீட்ல கணக்கு பாக்கும்போது திருப்பிப் பாத்தா அந்தக் கேன்சர் படம், அதுங்கீழ சிகரெட்ட விட உதவி கேக்கறதுக்கு 1800-11-2356ன்னு நம்பர். அட்டைல 85 சதவீதம் எச்சரிக்கைதான் இருக்கணும்னு 2016லயே கொண்டு வந்துட்டாங்க, 2018லருந்து இந்த நம்பரும் போடறாங்க. பதினாறு வருஷத்துல நான் அத ஒழுங்கா பாத்ததே அன்னிக்குதான். ஏன்னா நான் வாங்கறது லூஸ்ல. கடைக்காரர் ஒண்ண உருவிக் குடுப்பாரு, அட்டை அவர் கைலயே இருக்கும். நம்ம ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் வாங்கறாங்க, யாருக்குன்னு அந்தப் படத்த போடறாங்களோ அவன் கண்ணுல படறதே இல்ல.

மறுநாள் அந்த நம்பருக்கு போன் பண்ணேன், காசு கெடையாது. தமிழ்லயே பேசினாங்க. நான் என்னமோ அட்வைஸ் மழை பொழிவாங்கன்னு நெனச்சேன். அந்தம்மா கேட்டது ரெண்டே கேள்வி, காலைல எந்திரிச்சு எவ்ளோ நேரத்துல மொத சிகரெட், எந்த எந்த எடத்துல அடிக்காம இருக்க முடியாது. எந்திரிச்ச பத்து நிமிஷத்துலன்னு சொன்னதும் "அப்ப மொத வாரம் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும் சார்"னு நேராவே சொல்லிட்டாங்க. அந்த நேர்மை எனக்குப் புடிச்சிருந்துச்சு. ஒரு தேதி குறிக்க சொன்னாங்க, குறிச்சேன்.

மொத மூணு நாளப் பத்தி என்ன சொல்றது. எரிச்சல். பொண்ணு ரிமோட்ட கீழ போட்டதுக்கு கத்தினேன், அவ "அப்பா நீ சிகரெட்டே குடிச்சுக்கோ"ன்னு அழுதுட்டே சொல்லிட்டா. வாய்ல புண்ணு. காலைல பாத்ரூம் போறதே ஒரு போராட்டம், பதினாறு வருஷமா சிகரெட்ட பத்த வச்சாத்தான் வயிறு அசையும்னு பழக்கி வச்சிருந்தேன் (இத யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன், வாழப்பழம் வாங்கி வச்சுக்கோங்க). நாலாவது நாள்லருந்து இருமல் வேற, விட்டதுக்கு அப்புறம் எதுக்குடா இருமல்னு பாத்தா, புகைல படுத்துக் கெடந்த நுரையீரலு எந்திரிச்சு சுத்தம் பண்ண ஆரம்பிக்குதாம்.

மெடிக்கல்ல நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் வாங்கினேன். அத பபுள்கம் மாதிரி மொச்சு மொச்சுன்னு மென்னு எச்சில முழுங்கினேன், விக்கல், நெஞ்செரிச்சல், சின்ன யானைய ஓரங்கட்டி தண்ணி குடிக்க வேண்டியதாப் போச்சு. அப்படி மெல்லக்கூடாதாம், நாலு கடி கடிச்சு சுருக்குனு ஒரு காரம் வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சுடணும், காரம் போனதும் மறுபடி நாலு கடி. வெத்தல பாக்கு ஒதுக்கற நம்ம பாட்டிங்களுக்கு யாரும் கத்துத்தர வேண்டாம். இன்னொண்ணு, காப்பி டீ குடிச்ச கால் மணி நேரத்துக்குள்ள போட்டா வாய்ல உள்ள புளிப்புல நிகோடின் சரியா ஏறாது. நான் என்ன பண்ணேன்னா ஒவ்வொரு தடவையும் காப்பியக் குடிச்ச கையோடதான் கம்ம போட்டேன்.

காப்பிக் கத இதோட முடியல, இதான் பெருசு. ஏற்காட்ல எந்தக் கடைக்கு போனாலும் "வாப்பா, ஒரு காப்பி"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, எஸ்டேட் ஊரு. முன்னாடியே ஒரு நாளைக்கு ஆறு காப்பி போகும். அஞ்சாவது நாள் எனக்கு கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுட்டு இருக்கேன். சரி, சிகரெட் இல்லாம நம்மளால முடியாது போலன்னு முடிவே பண்ணிட்டேன். எங்க ஏரியா டாக்டரம்மாகிட்ட போனா அவங்க பிரஷர் பாத்துட்டு "எத்தன காப்பி குடிக்கறீங்க?"ன்னாங்க. அப்பறம் சொன்னாங்க, சிகரெட் புகைல இருக்கற தார் வகையறா ஈரல முடுக்கி விட்டு காப்பில உள்ள கஃபீன சட்டு சட்டுனு கரைச்சுத் தள்ள வைக்குமாம். புகை நின்னா சில நாள்லயே ஈரல் நிதானத்துக்கு வந்துடும், அதே ஆறு காப்பி இப்ப பத்து காப்பி மாதிரி ரத்தத்துல நிக்கும். நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் பாதிக்கு மேல காப்பி வேலை, நான் பழிய தூக்கி சிகரெட் இல்லாததுமேல போட்டுட்டு இருந்திருக்கேன். எத்தன பேரு இத தெரியாம மறுபடி பத்த வச்சிருப்பாங்கன்னு நெனச்சா கோவம் கோவமா வருது. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் இந்த மலைல காப்பிச்செடி வச்சதுன்னு சொல்லுவாங்க, அன்னிக்கு அந்த வெள்ளக்காரன் மேலயும் எனக்கு கோவம். காப்பிய மூணாக் கொறச்சேன், ரெண்டு நாள்ல தூக்கம் வந்துடுச்சு.

தூக்கம் வந்தாலும் ஆசை போகல. அது வேற ஜாதி. ஒடம்பு கேக்கறது கொறஞ்சப்பறம் எடம் கேக்கும். அடிவாரம் செக்போஸ்ட்ட தாண்டினதும் கை தானா பைய தடவும், ஏன்னா மேல ஏறும்போது கியர மாத்திட்டு ஒண்ணு பத்த வச்சா அது ஏத்தத்துக்கு தொணை. அந்தம்மா போன்ல சொல்லிருந்தாங்க, எந்த ஆசையும் அஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேல உச்சத்துல நிக்காது, குடுத்தாலும் போகும், குடுக்காட்டியும் போகும்னு. வண்டி ஓட்டறவன் வாட்ச்ச பாத்துட்டு இருக்க முடியுமா. ஏற்காடு ரோட்ல மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்கு. லோடோட நான் ஏறுற வேகத்துக்கு வளைவுக்கு வளைவு சுமாரா ரெண்டு நிமிஷம். ஆசை வந்துச்சுன்னா எந்த நம்பர்ல வந்துச்சுன்னு பாப்பேன், அதுலருந்து மூணு எண்ணுவேன். ஏழுல வந்தா பத்து. பத்து வரைக்கும் வந்துட்டு அப்பவும் வேணும்னா நிறுத்தி வாங்கிக்கலாம்னு எனக்கு நானே அனுமதி குடுத்துக்குவேன். பத்து வரும்போது ஆசை பல்லு புடுங்கின பாம்பாட்டம் கெடக்கும். சில நாள் பதிமூணுல மறுபடி வரும், அப்ப பதினாறு. மேல போய் சேரறதுக்குள்ள மூணு தடவ வந்த நாளும் இருக்கு.

வாய்க்கு மொளகு. சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட எஸ்டேட் மொளகு, ரெண்ட கடிச்சா தொண்டைல சுள்ளுனு ஒரு புடி புடிக்கும், புகை எறங்குற மாதிரியே இருக்கும். சாயங்காலம் கீழ எறங்குனா தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் காய்த்துருவலும் வச்சுத் தர்ற எங்க சேலத்து நொறுக்கு). இது ஒரு கெட்ட பழக்கமா மாறிடுச்சு, ஒரு செட்டுல ஆரம்பிச்சு மூணு செட்டு, நாலு கிலோ ஏறிட்டேன். சிகரெட்ட விட்டா அவ்ளோ ஏறுறது சகஜம்தான்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, அதனால தட்டுவடைக்கு லைசன்சு கெடச்ச மாதிரி ஆயிடுச்சு.

23வது நாள் சறுக்கினேன். அயோத்தியாப்பட்டணத்துல பெரிய மாமா தவறிட்டாரு, ராத்திரி பூரா பந்தல்ல ஒக்காந்திருக்கோம், மச்சான் பெட்டிய நீட்டினான், சாவு வீட்ல வேண்டாம்னு சொல்ல வாய் வரல. முழுசும் அடிச்சேன். மறைக்கல, வீட்ல சொல்லிட்டேன். பொண்டாட்டி "அப்ப நாளைலருந்து ஒண்ணு, ரெண்டுன்னு மறுபடி எண்ணுங்க"ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். ஒரு நாள் லைனுக்கு போகலன்னா வேலைய விட்டுட்டேன்னா அர்த்தம்? இந்தச் சண்டை இன்னும் முடியல, அவ கணக்குல எனக்கு இன்னும் ஏழு மாசம் ஆகல.

கார்த்திகைல வழக்கம்போல மாலை போட போனேன். குருசாமி சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, "இந்த வருஷம் விடறதுக்கு உன்கிட்ட என்ன சாமி இருக்கு?" தட்டுவடைன்னு சொன்னேன். மலைக்கு போயிட்டு வந்து மாலைய கழட்டினேன், சட்டைய மாட்டினேன், பழக்கதோஷம், கால் கடைப்பக்கம் போயிடுச்சு. கடைக்காரர் எடுத்து நீட்டியும் விட்டாரு, ஆறு வருஷமா பாக்கறவரு, அவரு மேல என்ன தப்பு. கல்லாவுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு மனசுக்குள்ள மூணு வளைவு ஓட்டினேன், பதினெட்டு, பத்தொம்போது, இருவது. அப்பறம் பொண்ணுக்கு ஒரு கடலமிட்டாய் வாங்கிட்டு வந்தேன். நான் அவருக்கு போட்ட சரக்கையே எம்ஆர்பில வாங்கிட்டு வந்தேன்னு வைங்க.

இப்ப ஒரே ஒரு கவலை. மே மாசம் வருது, கோடை விழா, ஞாயித்துக்கெழமைன்னா பெங்களூரு காரெல்லாம் சேந்து மலை ரோடே நகராது, போன வருஷம் பதினோராவது வளைவுல முக்கா மணி நேரம் நின்னேன், அங்கேயே மூணு சிகரெட் காலி. வளைவு நகந்தாத்தான என் கணக்கு ஓடும்? நின்ன எடத்துலயே நின்னா எத எண்றது. இத லோடு ஏத்தற தம்பிகிட்ட சொன்னேன். ரொம்ப யோசிச்சுட்டு "அண்ணா, அப்ப கொரங்க எண்ணுங்க"ங்கறான்.