ஒற்றைக் கால்

மதியம் சோறு ஆறிக்கொண்டிருக்க, 1998 நாகானோ ஒலிம்பிக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீல உடையில் பிரான்ஸின் பனிச்சறுக்கு நடன வீராங்கனை சூர்யா பொனாலி. பனித்தளத்தில் பின்னோக்கிச் சறுக்கி வருகிறார். சட்டென்று காற்றில் ஒரு பின்குட்டிக்கரணம்.

இறங்கியது ஒரே காலில், சறுக்குக் காலணியின் ஒரே கத்தி விளிம்பில்!

1970களிலிருந்தே தடை செய்யப்பட்ட வித்தை அது. மதிப்பெண் குறையும் என்று தெரிந்துதான் செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு குதிகால் தசைநார் அறுந்த உடம்பு வேறு. கிடைத்தது 10ஆம் இடம்.

ஐரோப்பியப் பட்டம் 1991 முதல் தொடர்ந்து ஐந்து முறை. உலகப் போட்டியிலோ மூன்று முறை வெள்ளி, அவ்வளவுதான். 1994இல் ஜப்பானில் நூலிழையில் தங்கம் போனபோது, மேடையிலேயே பதக்கத்தைக் கழற்றிவிட்டார். அடம் என்றார்கள். எனக்கென்னவோ அது நியாயமான கோபமாகத்தான் படுகிறது.

நளினம் போதாது என்பார்கள் அவரை. கறுப்பினப் பெண்ணின் வலுவான உடல் அந்த நளினத்தின் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

2024இல் தடையை நீக்கிவிட்டார்கள். இப்போது அதே கரணத்துக்குக் கைதட்டுகிறார்கள். அவருடைய மதிப்பெண்ணை யார் திருப்பித் தருவது?