ஆடிக்காற்றில் இருபது கிலோமீட்டர்

30 ஜூன் 2024, ஞாயிறு

உடுமலையிலிருந்து பொள்ளாச்சிச் சாலையில் மேற்கே 10 கிலோமீட்டர், திரும்பி 10. தனித்தனியாகக் கிளம்பி நேரம் பார்க்கும் சைக்கிள் ஓட்டம், அதனால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிய வழியில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக நெஞ்சில் அடித்தது. மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வழக்கமான வேகத்தை விடக்கூடாது என்ற வீம்பில் முதல் 4 கிலோமீட்டரை 8 நிமிடத்தில் மிதித்தேன். அப்புறம் கால் வெறும் கட்டை. மீதி 6 கிலோமீட்டருக்கு 18 நிமிடம். திரும்பும்போது காற்று தள்ளியும் 36-ஐத் தாண்டவில்லை. மொத்தம் 42:40.

டீக்கடைக்காரர், "காத்துகூடப் போயி எதுக்குங்க தம்பி மல்லுக்கட்டறீங்க?" என்றார். பதில் இல்லை.

2 ஜூலை

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25-ல் போய் 40-ல் திரும்பினால் சராசரி 32.5 என்றுதான் மனசு சொல்லும். ஆனால் 24 நிமிடமும் 15 நிமிடமும் சேர்ந்து 39, சராசரி 30.8 தான். எதிர்காற்றில்தான் அதிக நேரம் கிடக்கிறோம். அங்கே 25-ஐ 26 ஆக்கினால் 55 விநாடி மிச்சம். பின்காற்றில் 40-ஐ 41 ஆக்கினால் 22 விநாடிதான். ஆக, போகும்போது கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டும். 'கொஞ்சம்' என்பதைத்தான் போன வாரம் நான் கேட்கவில்லை. காற்றின் தடையை வெல்ல வேண்டிய சக்தி, வேகம் ஏறுவதைவிடப் பல மடங்கு ஏறும்.

7 ஜூலை, ஞாயிறு

மீட்டரில் வேகம் தெரியும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டேன். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில், இதேபோல் தனியாக நேரம் பார்க்கும் ஓட்டத்தில், இடையில் நேரம் எதுவும் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் மிதித்தார். 8 விநாடியில் பட்டமே வென்றார். எனக்குப் பட்டம் வேண்டாம், 23 என்ற எண்ணைப் பார்த்துப் பதறாமல் இருந்தால் போதும்.

மிதிக்கும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் வாங்க வசதியில்லை. இதயத் துடிப்புதான் துணை, அதுவும் தாமதமாகவே ஏறும். முதல் இரண்டு நிமிடம் மூச்சை நம்பினேன், 'இவ்வளவு லேசா?' என்று தோன்றினால் சரியாகப் போகிறேன் என்று அர்த்தம். தென்னந்தோப்பு முடியும் இடங்களில் காற்று பக்கவாட்டில் தள்ளும். எதிரே லாரி கடந்தால் ஒரு கணம் அமைதி, அப்புறம் காற்று ஓங்கி அறையும். அப்போதெல்லாம் கியரைக் குறைத்து, முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். 40:30.

21 ஜூலை, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. சாலையோரக் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகின்றன.

போக 24:30. திரும்பியதும் காதில் இரைச்சல் நின்றுபோனது, வியர்வை கொட்டியது, கால் தானாக ஓய்வு கேட்டது. இங்கேதான் ஏமாறுவேன் என்று தெரியும்; பிடியைத் தளர்த்தினேன், மிதியை விடவில்லை. வர 14:50. மொத்தம் 39:20.

போகும் வழியில் இன்னும் அரை நிமிடம் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அடுத்த ஞாயிறும் காற்று இதேபோல் அடித்தால் நல்லது.