பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடமும் கைகோத்தால்

ஐரோப்பாவில் இ-ட்வின்னிங்னு ஒரு ஏற்பாடு இருக்கு. 2005-ல ஐரோப்பிய ஆணையம் ஆரம்பிச்சது. வேற வேற நாட்டு ஆசிரியர்கள் இணையத்துல கைகோத்து, தங்கள் வகுப்புகளைச் சேர்ந்து வேலை செய்ய வைப்பாங்க. சாப்பாடு, உடற்பயிற்சியெல்லாம் அதுக்குத் தோதான தலைப்பு.

காலைச் சாப்பாட்டையே எடுத்துக்குவோம். பின்லாந்தில் ஓட்ஸ் கஞ்சி. ஸ்பெயினில் தக்காளி தேய்ச்சு ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி. நெதர்லாந்தில் வெண்ணெய் தடவின ரொட்டி மேல சாக்லேட் துகள்! டீச்சர் நூறு தடவை அறிவுரை சொல்றதை விட, "காலங்காத்தால சாக்லேட்டா?"ன்னு இன்னொரு நாட்டுப் பிள்ளை கேட்டாலே போதும், உறைக்கும். (அந்தச் சாக்லேட் ரொட்டி மேல எனக்கும் ஒரு கண் உண்டு, அது வேற விஷயம்.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்காட்லாந்து 'டெய்லி மைல்'. 2012-ல ஸ்டெர்லிங் நகரத்துத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை எலைன் வைலி தொடங்கினது. தினமும் 15 நிமிஷம் வெளியே வந்து ஓடணும். மூச்சு வாங்கினா நடக்கலாம். யூனிபார்மோட அப்படியே ஓடலாம், உடை மாத்துற வேலையே இல்லை. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. கடைசியா வர்ற பிள்ளையும் கூச்சமில்லாம ஓடுறது அதனாலதான்னு நினைக்கிறேன். இப்போ எத்தனையோ நாடுகளுக்குப் பரவியாச்சு.

ரெண்டு நாட்டுப் பள்ளிகள் சேர்ந்தா இன்னும் ஜோர். ரெண்டு பக்கமும் ஓடின தூரத்தைக் கூட்டி, வரைபடத்துல ஒருத்தர் ஊருக்கு இன்னொருத்தர் போய்ச் சேரலாம். பழத்தட்டு வரைஞ்சு சுவத்துல ஒட்டி, போட்டோ எடுத்து முடிக்கிற திட்டத்துக்கெல்லாம் நான் ஓட்டுப் போட மாட்டேன்.