சால்ட் லேக் சிட்டி, ஜனவரி

ஜனவரி 7
மலை தெரியவில்லை.

ஜனவரி 8
எழுந்ததும் போனில் காற்று நிலவரம்தான் பார்க்கிறேன். ஆரஞ்சு, அதாவது குழந்தைகளுக்கு ஆகாத காற்று. கிழக்கே வாசாட்ச், மேற்கே ஓக்கர் மலை, நடுவில் நாங்கள். குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட, அதன்மேல் சூடான காற்று பானைக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. கார்ப் புகை, ஹீட்டர் புகை எதற்கும் வெளியேற வழியில்லை. சின்னவனைப் பள்ளியில் வெளியே விளையாட விடவில்லையாம்.

ஜனவரி 9
ராத்திரி தூக்கமில்லை. மூச்சு இழுக்கும்போது அவன் கழுத்தடிக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது. ஸ்பேசர் குழாயை மாட்டி இரண்டு முறை இன்ஹேலர் அடித்தேன். விடியும்போதுதான் அசந்தான்.

ஜனவரி 11
ஆல்டா பனிச்சறுக்கு மலைக்குப் போய் வந்தோம். லிட்டில் காட்டன்வுட் பள்ளத்தாக்கில் ஏறிக்கொண்டே இருந்தோம், ஒரு வளைவில் சட்டென்று நீல வானம். 8,500 அடி உயரத்தில் கீழே இருந்ததைவிடக் கதகதப்பு! சின்னவன் பனியில் புரண்டான், ஒரு இருமல் இல்லை. "இதுக்காகத்தானே வந்தோம்" என்றார் இவர். ஆமாம், இதற்காகத்தான் வந்தோம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இப்படி ஒரு இடம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்? ஆனால் மேலே போக நாங்கள் விட்ட புகையும் கீழேதானே தங்கும்.

ஜனவரி 12
வாங்கலாம் என்று பார்த்து வைத்திருக்கும் மேட்டு வீட்டுக்கு 17-க்குள் பதில் சொல்ல வேண்டுமாம். மலையடிவாரத்தில் மேடு ஏற ஏறக் காற்று தேவலை, விலையும் கூடவே ஏறுகிறது.

ஜனவரி 14
பொங்கல். கொல்லையில் விறகு மூட்ட ஆசைப்பட்டேன். இன்று விறகு எரிக்கத் தடை. கேஸ் அடுப்பில்தான் பொங்கியது. சாயங்காலம் சவுத் ஜோர்டான் பிள்ளையார் கோயில். "புள்ளைக்கு ஒத்துக்காத ஊர்ல வீடு எதுக்கும்மா?" என்கிறாள் அம்மா.

அப்புறம் அந்த ஏரி, ஊருக்குப் பேர் தந்த கிரேட் சால்ட் லேக். 2022 நவம்பரில் அதுவரை இல்லாத அளவுக்கு வற்றியது. வருகிற ஆற்றுத் தண்ணீரை வழியிலேயே குதிரைமசால் வயல்களுக்கும் ஊர்களுக்கும் திருப்பிவிடுகிறார்கள். காய்ந்த படுகை மண்ணில் ஆர்செனிக் இருக்கிறது, காற்றடித்தால் அந்தப் புழுதி ஊருக்குள் வரும். குளிர்காலத்தில் புகை, மற்ற நாளில் புழுதியா? முப்பது வருடக் கடன் வாங்குகிறவர்கள் ஏரியைப் பற்றி யோசிக்க வேண்டாமா? இவரிடம் கேட்டேன். மழை வந்தா சரியாகிடும் என்கிறார்.

ஜனவரி 16
சிவப்பு.

ஜனவரி 17
நாளை புயல்காற்றும் பனியும் வருமாம். வந்தால் மூடி கலையும், மலை முழுக்கத் தெரியும். அதைப் பார்த்துவிட்டால் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொல்வதென்றால் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இவர் வர ஆறு மணி ஆகும்.