எழுதியது யார், திருத்தியது யார்: குடியிருப்புச் சங்க இணையதளத்தைச் சட்டச் சிக்கலிலிருந்து காத்த அனுபவம்

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனுக்கு இணையதளம் நடத்துவதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. பாதி வீட்டுக்காரர்கள் தமிழில் எழுதுவார்கள், பாதிப்பேர் மலையாளத்தில். வீடு பாலக்காடு மாவட்டத்தில், வேலை கோயம்புத்தூரில். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, அவதூறுக்கு நஷ்டஈடு கேட்பவர் எதிராளி குடியிருக்கும் ஊரிலும் வழக்குப் போடலாம், கெடுதல் நேர்ந்த ஊரிலும் போடலாம். இங்கே போட்ட ஒரு வரிக்குக் கோவையிலிருந்து சம்மன் வரலாம்.

சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று பார்க்க, முதலில் பதிவுச் சான்றிதழைத் தேடி எடுத்தோம். சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்யம் என்பதால் 1955-ன் திருவிதாங்கூர்-கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டம். பாலக்காடு தாலுகா பழைய மலபார்; அங்கே 1860-ன் சங்கப் பதிவுச் சட்டம். வாளையார் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டின் 1975 சட்டம். 1860 சட்டத்தின் 8-ம் பிரிவு, சங்கத்துக்காக வழக்கில் நிற்கும் நிர்வாகியின் சொந்தச் சொத்தைத் தொடவிடாது. தீர்ப்பு சங்கச் சொத்தோடு நிற்கும். ஆனால் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, ஒரு முன்னாள் செக்ரட்டரியின் சொந்த மின்னஞ்சலில் இருந்தால், தளம் அவருடையது என்று எதிராளி வாதாட நாமே வழி திறந்துவிட்டதாகும். டொமைன், ஹோஸ்டிங், அதற்குக் கட்டும் பணம் மூன்றையும் சங்கத்தின் பெயருக்கு மாற்றிய பிறகே மற்ற வேலை.

அடுத்தது, தளத்தை இரண்டாகப் பிரித்தது. அறிவிப்பு, கணக்கு, கூட்டக் குறிப்பு போன்றவை சங்கமே எழுதுவது. அதற்கு முழுப் பொறுப்பும் சங்கத்துக்கு. உறுப்பினர்கள் எழுதும் பகுதி வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ம் பிரிவு, பிறர் எழுதியதற்குத் தளம் நடத்துபவர் பொறுப்பல்ல என்று தரும் பாதுகாப்பு இரண்டாவதற்கு மட்டும்தான், அதுவும் நாம் உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல், மாற்றாமல் இருந்தால். நல்ல எண்ணத்தோடு ஒருவருடைய பதிவில் நாலு வார்த்தையை நறுக்கிவிட்டு மீதியை விட்டுவைப்பதுதான் பெரும்பாலான கமிட்டிகள் செய்யும் தவறு. மீதி வரிகளுக்கு நாமும் கூட்டாளி என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். வைத்தால் முழுதாக வை, எடுத்தால் முழுதாக எடு என்று பை-லாவில் சேர்த்தோம்.

எதை எடுக்க வேண்டும்? இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை 2015-ல் ரத்து செய்த தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம், நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் சட்டவிரோதப் பதிவு இருப்பது நடத்துபவருக்குத் ‘தெரிந்ததாக’க் கொள்ள வேண்டும் என்றது. வாட்ஸ்ஆப் குழு பற்றி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும் கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின: வேறொருவர் போட்டதற்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் குற்றவாளி ஆக்க முடியாது. இதை நம்பிக் கைகட்டி உட்காரக் கூடாது. அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகள் குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போடச் சொல்கின்றன. 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்ப வேண்டும். தீர்வை 3 நாளில் முடிப்பதாக வைத்துக்கொண்டோம்; விதி அதைவிடக் குறைந்த கெடு சொன்னால் அதற்குள். அந்தரங்கப் படம், உருமாற்றிய படம் என்றால் நாள் கணக்கே கிடையாது, உடனே மறைத்துவிட வேண்டும்.

மறைப்பதற்கு முன் முழுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பதிவு எண், நேரம், எழுதியவர் கணக்கு, கோப்பின் ஷா-256 ஹாஷ் (கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு) எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். நீக்கியதை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. ஹாஷ் எதற்கென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தில், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் காட்டத் தேவையான 63-ம் பிரிவுச் சான்றிதழில் அதையும் எழுத வேண்டியிருக்கிறது. அடியோடு அழித்துவிட்டால் நம் பக்கம் காட்ட ஒன்றுமிருக்காது.

புகாரைப் படிப்பவர்களில் இரு மொழியும் பேச்சு வழக்கோடு தெரிந்த ஒருவர் கட்டாயம். ‘பட்டி’ என்று மலையாளத்தில் எழுதியிருந்தால் அது நாய். தமிழ்க்காரர் ஏதோ ஊர்ப்பெயர் என்று கடந்துபோவார். பிச்சைக்காரன் என்று திட்டும் ‘தெண்டி’யும் அப்படித்தான்.

அதிகம் வம்பில் மாட்டுவது, யார் எவ்வளவு பாக்கி என்று பெயரோடு போடும் மெயின்டனன்ஸ் பட்டியல். கணக்கு சரிதானே என்பார்கள். அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 356-ம் பிரிவில் உண்மை மட்டும் போதாது, பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் காட்ட வேண்டும்; தண்டனை இரண்டு ஆண்டு வரை போகும். தளத்தில் மொத்த பாக்கித் தொகையை மட்டும் போட்டு, தனித்தனிக் கணக்கை அந்தந்த வீட்டுக்கு அனுப்புகிறோம். சிசிடிவி படத்தைப் போட்டு ‘திருடன்’ என்று தலைப்பு வைப்பதும் இதே ரகம். அந்தப் படம் போலீசுக்குப் போக வேண்டியது. படத்தில் இருப்பது வழக்கில் சிக்கிய சிறுவன் என்றால் அவன் அடையாளத்தை வெளியிடத் தடை போடும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ம் பிரிவும் சேர்ந்துகொள்ளும்.

தேர்தல் முடிந்த அன்றே கடவுச்சொல், பதிவேடு, ஓடிபி வரும் சிம் எல்லாம் புது செக்ரட்டரி கைக்குப் போகிறது. வாங்கினேன், கொடுத்தேன் என்று இருவரும் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.