அறக்கொட்டியானும் தும்பியும்

தம்பலகாமம் பக்கம் வயல் செய்யிற ஆக்களுக்கு அறக்கொட்டியானைத் தெரியாம இருக்காது, கபில நிறத் தத்தி எண்டு சொல்றதும் அதைத்தான். அரிசியளவு கூட இல்லாத பூச்சி, நெற்பயிரின்ர அடித்தண்டில தண்ணிக்குக் கொஞ்சம் மேல கூட்டமா ஒட்டிக்கொண்டு சாறை உறிஞ்சும். மேலால பாத்தா பச்சையா நிக்கும், கையால விரிச்சுப் பாத்தாத்தான் அடியில மொய்ச்சுக்கொண்டிருக்கிறது தெரியும், கவனிக்காம விட்டா வட்டம் வட்டமா நெருப்பு வச்ச மாதிரி காஞ்சு போயிடும்.

எனக்கு ஆச்சரியமா இருக்கிறது அதின்ர செட்டைதான். சாப்பாடு தாராளமா இருக்கேக்க செட்டை குட்டையான பெட்டையள் கூட வரும், பறக்காம அங்கயே முட்டை போட்டுப் பெருகும். நெருக்கடி கூடி பயிர் வாடத் தொடங்க நீளச் செட்டையோட அடுத்த தலைமுறை வந்து வேற வயலுக்குப் பறந்திடும்!

அதே வயல்லதான் தும்பியும். அது குஞ்சா இருக்கிறது வயல் தண்ணிக்குள்ள, கீழுதட்டைச் சடாரெண்டு முன்னுக்கு நீட்டி நுளம்புக் குடம்பியைப் பிடிச்சுத் தின்னும். வளந்தா நாலு செட்டையையும் தனித்தனியா அசைச்சு பறந்துகொண்டே இரை பிடிக்கும். மஞ்சள் தும்பி ஒண்டு இருக்குது, அது இந்து சமுத்திரத்தையே கடந்து போறது. சின்ன ஊசித்தும்பியள் பயிருக்குள்ளயே பூந்து தத்தியையும் பிடிக்கும்.

கண்டபடி மருந்து அடிச்சா முதல்ல சாகிறது தும்பியும் சிலந்தியும். தண்டுக்குள்ள கிடக்கிற தத்தி முட்டை தப்பிடும், பிறகு அதுகளைத் தின்ன ஆளில்லை. யூரியாவையும் அள்ளிப் போட்டா தத்திக்கு இன்னும் கொண்டாட்டம். தயவுசெய்து அடியை விரிச்சுப் பாத்திட்டு அடியுங்கோ.