மூன்று குவியல்

ஏப்ரல் 20, ஞாயிறு

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள், தங்களுக்கு எது முக்கியம் என்று தாங்களே தேடிப் பார்க்க, பதினாலு பேர் வந்தார்கள். பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தது நல்லதாய்ப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தால் வகுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். வகுப்பு என்று நினைத்துவிட்டால் சரியான விடை எது என்று என் முகத்தில் தேட ஆரம்பிக்கிறார்கள். அரைவட்டமாக உட்கார வைத்து, நானும் தரையில்.

முதலில் மூன்று விஷயம் சொன்னேன். எழுதுவது உன்னுடையது, யாரும் வாங்க மாட்டோம். பேசப் பிடிக்கவில்லை என்றால் 'பாஸ்' சொல்லலாம், காரணம் கேட்க மாட்டோம். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் தவறாகத் தொட்டாலோ நான் இன்னொரு பெரியவரிடம் சொல்லித்தான் ஆவேன். மூன்றாவதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்ததிலிருந்து, தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். அதைப் பாதியில் சொன்னால் பிள்ளை நம்மை நம்பி ஏமாந்தது போல் ஆகும்.

பத்து நிமிஷம் வீணானது ஒரு சொல்லால். "உனக்கு எது மதிப்பு?" என்று கேட்டேன். "நானூத்தி இருபது வரும்க்கா" என்றது ஒரு பிள்ளை. மதிப்பு என்றால் அவர்கள் காதில் மதிப்பெண். 'விழுமியம்' என்று சொல்லிப் பார்த்தேன், எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், தமிழ்ப் பாடம் நடக்கப்போகிறது என்று. கடைசியில் "யார் கேட்டாலும் எதை விட்டுக்கொடுக்க மாட்ட?" அப்போதுதான் பேச்சு வந்தது.

ஏப்ரல் 21

நேற்று ஜன்னலோரப் பெண் எழுதாத சீட்டை எட்டாய் மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 23, புதன்

சீட்டு வெட்டும் வேலை. ஏ4 தாளை எட்டாய் மடித்தால் கையில் பிடிக்கத் தோதான அளவு. ஒரு செட்டுக்கு 48 சீட்டு, அதாவது ஆறு தாள். கூடவே ஆளுக்கு மூன்று வெற்றுச் சீட்டு. சாதாரணத் தாள் என்றால் மின்விசிறி போட்டதும் பறந்துவிடும், சார்ட் பேப்பர்தான் சரி.

போன தடவை செய்த தவறு இப்போது புரிகிறது. சீட்டில் 'நேர்மை', 'அன்பு', 'உழைப்பு' என்று ஒற்றைச் சொல்லாக எழுதியிருந்தேன். பதினைந்து வயதில் யார் 'நேர்மை'யை வேண்டாம் என்று தள்ளுவார்கள்? எல்லாமே சுவரில் எழுதிப்போட்ட வாசகம் மாதிரி இருந்தது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு செயலாக எழுத வேண்டும். நேர்மை என்பது 'சொன்ன சொல்லைக் காப்பாத்தறது' என்றும் 'யாரும் பாக்காதப்பவும் ஏமாத்தாம இருக்கறது' என்றும் இரண்டு சீட்டாகப் பிரிந்தது. இரண்டும் ஒன்றில்லை. முதலாவதை எடுத்து இரண்டாவதை விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

'குடும்பம்' சீட்டுதான் பெரிய சிக்கல். நம் ஊரில் அதைக் கீழே வைக்க யாருக்கும் கை வராது. வைத்தால் துரோகம் போல. அதனால் அது ஒன்றும் சொல்வதில்லை. நாலாக உடைத்தேன்: 'அம்மா அப்பா முகம் சுளிக்காம இருக்கணும்', 'வீட்டுக்குச் சம்பாதிச்சுக் குடுக்கணும்', 'தம்பி தங்கச்சியைப் பாத்துக்கணும்', 'வீட்டுல என் பேச்சையும் கேக்கணும்'. இப்போது பிள்ளை ஒன்றை வைத்து ஒன்றை விட முடியும்.

அப்புறம், நல்ல பிள்ளைத்தனம் இல்லாத சீட்டுகளும் வேண்டும். 'கையில காசு இருக்கறது', 'ஜெயிக்கறது', 'நாலு பேர் என்னைத் திரும்பிப் பாக்கறது', 'தனியா இருக்கறது', 'யாரும் என்னைக் கேள்வி கேக்காம இருக்கறது'. இவை இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாதி மனசு அறைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மூன்று குவியல்: 'இது இல்லாம நான் இல்ல', 'இருந்தா நல்லது', 'எனக்கு இல்ல'. 48 சீட்டையும் பிரிக்க எட்டு நிமிஷம்தான். ஒரு சீட்டுக்குப் பத்து விநாடி. அதற்கு மேல் கொடுத்தால் பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்க்கிறார்கள். முதல் குவியலில் பத்துக்கு மேல் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பிரித்து முடித்தபின் சொன்னால் வாதம் நடக்கும், நடந்தது.

பத்தை ஐந்தாக்க நாலு நிமிஷம். ஐந்தை மூன்றாக்க நேரக் கணக்கே வைக்கக் கூடாது. அறை அமைதியாகிவிடும். கை சீட்டின் மேல் போகும், திரும்பி வரும், மறுபடி போகும். அந்தக் கை தயங்குவதுதான் வேலையே. அந்த நேரத்தில் நாம் ஒரு வார்த்தை பேசினாலும் கெட்டுவிடும், "சூப்பர்" கூட. நான் இன்று ஒரு தடவை தலையாட்டிவிட்டேன். எதிரில் இருந்த பையன் சட்டென்று அந்தச் சீட்டை மேலே வைத்தான். என் தலையாட்டலைத்தான் மேலே வைத்தான். இனிமேல் அந்த நேரம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன்.

தேவனாம்பட்டினத்துப் பையன்: முதலிடத்தில் 'கையில காசு இருக்கறது'. கூச்சமே இல்லாமல் வைத்தான். நல்லது.

ஜன்னலோரம்: 48-ஐயும் பிரித்தாள், மூன்றும் எடுத்தாள், கவிழ்த்து வைத்தாள். வெற்றுச் சீட்டு மூன்றும் வெற்றாகவே.

ஏப்ரல் 30

பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்திருக்கிறது. ஞாயிறுக்கு எடுத்து வைக்க வேண்டும். சுளை எடுக்க எண்ணெய் மறக்கக் கூடாது.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். பதினொன்றுக்குக் கரண்டு போனது. மாடியில் நிற்க முடியவில்லை, கீழே வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டோம்.

"எப்படி இருக்க?" என்றால் இரண்டே விடை: "நல்லாருக்கேன்", "கடுப்பா இருக்கு". கரும்பலகை இல்லாததால் தரையில் கரித்துண்டால் 'கடுப்பு' என்று எழுதி, இதில் எத்தனை வகை என்று கேட்டேன். பதினொன்று வந்தது. கூட்டத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டும்போது வருவது. நம்மை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போய்விட்டார்கள் என்று தெரியும்போது வருவது. தூக்கம் இல்லாதபோது வருவது. அக்காவோடு ஒப்பிடும்போது வருவது. பிறகு ஒவ்வொன்றுக்கும் பேர் தேடினோம்: அவமானம், ஏக்கம், அசதி, ஆற்றாமை, மனத்தாங்கல், வயிற்றெரிச்சல், உறுத்தல். இந்தச் சொற்களெல்லாம் அவர்கள் பாட்டிகளின் வாயில் இருப்பவைதான். பிள்ளைகளுக்கும் கேட்டால் தெரிகிறது, தங்கள் மேல் வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, உடம்பில் எங்கே? ஒரு பையன் படுத்துக்கொண்டான், சுற்றிக் கோடு போட்டோம். காது சூடாவது, தொண்டை அடைப்பது, வயிறு கலங்குவது, தாடை இறுகுவது என்று ஆளுக்கொரு இடத்தில் புள்ளி வைத்தார்கள். தனக்கு முதலில் காதுதான் சூடாகும் என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்குக் கோபம் வாய்க்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

'ஏன்' என்று கேட்பதை முழுசாக விட வேண்டும். நம் வீடுகளில் 'ஏன்' என்பது கேள்வியே இல்லை, திட்டு. "ஏண்டா இப்படிப் பண்ண?" அதைக் கேட்டே வளர்ந்த காது, நாம் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் தற்காப்புக்குத்தான் போகும். "என்ன நடந்துச்சு?", "அப்ப உள்ள என்ன ஓடுச்சு?", "எந்த இடத்துல மாறிச்சு?" இவை போதும்.

மே 7

ஒரு அம்மா போன் செய்தார். "அவ என்ன எழுதினான்னு ஒரே ஒரு தடவ காட்டுங்கம்மா." காட்ட முடியாது என்று சொன்னேன், கோபம் வந்தது அவருக்கு. பயம்தான் அது, புரிகிறது. சோற்றைப் போட்டுக்கொண்டே "இன்னிக்கு எது புடிச்சுது, எது புடிக்கல?" என்று மட்டும் கேளுங்கள், பதில் எதுவானாலும் அறிவுரை சொல்லாமல் 'உம்' கொட்டுங்கள், ஒரு வாரம் செய்து பாருங்கள் என்றேன். முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில்தான் இந்த வயசு பேசும். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது.

மே 11, ஞாயிறு

"சமீபத்துல எதைப் பாத்து 'இது தப்பு'ன்னு கொதிச்சுது?" இரண்டு நிமிஷம், பென்சிலால், நிறுத்தாமல் எழுத வேண்டும். பிடித்தது எது என்று கேட்டால் வருவதைவிட இதில் உண்மை அதிகம் வருகிறது. தனக்கு முக்கியமானதை யாரோ மிதிக்கும்போதுதான் கோபம் வருகிறது, அதனால் கோபத்தின் அடியில் தோண்டினால் அது கிடைக்கும்.

தேவனாம்பட்டினத்துப் பையன் வாசித்தான். கரையில் மீன் ஏலம். அவன் அம்மாவின் கூடையை ஒரு ஆள் காலால் நகர்த்தினான். விலை அன்று நல்ல விலை, காசு கைக்கு வந்தது, ஆனால் அம்மா கூடையைத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவினார்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தான். "உன் மூணு சீட்டுல இது எங்க இருக்கு?" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தான். காசுச் சீட்டைக் கீழே இறக்கினான். வெற்றுச் சீட்டில் எழுதினான்: 'காலால தள்ளாம கையால எடுக்கறது'.

'மரியாதை' என்று ஒரு சீட்டு 48-இல் ஏற்கெனவே இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. எடுத்திருக்கவும் மாட்டான். அது பெரியவர்களைப் பார்த்து எழுந்து நிற்பதைப் பற்றிய சீட்டு அவனுக்கு.

மே 13

ரிசல்ட் நெருங்குகிறது. மூன்று பேர் இரவு தூங்குவதில்லை என்று சொன்னார்கள். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இரண்டு எண்ணையும் எல்லோர் சீட்டின் பின்பக்கமும் எழுதவைத்தேன். தனியாக ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் 'என்னைப் பற்றி என்னமோ நினைக்கிறார்கள்' என்று ஆகிவிடும்.

ஜன்னலோரப் பெண் நினைப்பே எனக்குள் ஓடுகிறது. சாப்பாடு, தூக்கம், சிநேகிதம், மூன்றிலும் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தன் பொருளை எடுத்து எடுத்துப் பிறருக்குக் கொடுக்கிறாளா என்றும். இதுவரை இல்லை. சிரிக்கிறாள், பலாச்சுளை மூன்று தின்றாள். அப்படியானால் அது மௌனம் மட்டும்தான். மௌனத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு. இதை நான்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மே 14, புதன்

ஷ்வார்ட்ஸ் என்ற உளவியலாளர் 1992-இல் பத்து விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கினார். பக்கத்தில் இருப்பவை ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை இழுத்துக்கொள்ளும். தன் வழியில் போவதற்கு எதிரில் ஊரோடு ஒத்துப்போவதும் மரபும். தான் உயர்வதற்கு எதிரில் பிறர் நலம். பிள்ளைகளுக்கு அந்த வட்டத்தை வரைந்து காட்டத் தேவையில்லை. ஆனால் "ரெண்டும் வேணும்னு தோணுதுக்கா, நான்தான் கன்ஃபியூஸா?" என்று கேட்கும் பிள்ளைக்கு, அது குழப்பம் இல்லை, அந்த இரண்டும் இயல்பாகவே இழுபறி என்று சொல்லத் தெரிய வேண்டும்.

'வீட்டுல சொல்றது', 'நான் நம்பறது' என்று இரண்டு வட்டம் போட வைக்கும்போதும் இதே எச்சரிக்கை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் நடுப்பகுதியை முதலில் நிரப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சி வீட்டின் மேல் புகார்ப் பட்டியலாக மாறிவிடும். அம்மாவிடமிருந்து வந்தது என்பதால் அது அவனுடையது இல்லாமல் போய்விடாது.

அதே சமயம், கேட்டவுடன் 'கலெக்டர்' என்று பட்டென்று சொல்லும் பிள்ளைகள். மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல், 'நான் யார்' என்ற தேடலில் பிள்ளைகள் நிற்கும் இடமாக எழுதிய நாலு நிலைகளில் ஒன்று இது: தேடாமலேயே முடிவு எடுத்து வைத்திருப்பது. அதை உடைக்கக் கூடாது. "அந்த வேலைல ஒரு நாள் முழுக்க என்ன செய்வாங்க, அதுல எந்த மணி நேரம் உனக்குப் புடிக்கும்?" என்று கேட்டால் தேடல் தானாக ஆரம்பிக்கும்.

மே 16, வெள்ளி

ரிசல்ட். எல்லோரும் தேறிவிட்டார்கள். நானூத்தி இருபது என்றவளுக்கு முந்நூத்தி அறுபத்தெட்டு. போனில் அழுதாள். நான் சீட்டைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அழட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

மே 17, சனி

சொல்லாமலே ஆறு பேர் வந்துவிட்டார்கள், எந்த க்ரூப் எடுப்பது என்று. கட்டம் போட்டோம். இடப்பக்கம் தன் மூன்று சீட்டு, மேலே உயிரியல்-கணிதம், வணிகவியல், பாலிடெக்னிக் டிப்ளமோ. ஒவ்வொரு கட்டத்திலும் 0, 1 அல்லது 2. பத்துக்குப் போடச் சொன்னால் மார்க் போடும் பழக்கத்தில் ஏழா ஏழரையா என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருவனுக்கு டிப்ளமோவுக்கு ஆறுக்கு ஆறு வந்தது. கையால் செய்து பார்ப்பது, சீக்கிரம் சம்பாதிப்பது, புது ஊர் பார்ப்பது, மூன்றும் அதில்தான். கூட்டிப் பார்த்தவன் முகம் வாடியது. இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். கூட்டுத்தொகை முடிவு இல்லை, அதைப் பார்க்கும்போது வரும் முகம்தான் தகவல். "எது இடிக்குது?" என்றேன். "அப்பாகிட்ட யார் சொல்றது?" அப்படியானால் கட்டத்தில் தவறு இல்லை, ஒரு சீட்டு விட்டுப்போயிருக்கிறது. 'அப்பா முகம் சுளிக்காம இருக்கணும்' நாலாவது வரிசையாக ஏறியது. பிறகு அப்பாவிடம் பேச வேண்டிய முதல் இரண்டு வாக்கியத்தை எழுதி, சத்தமாக என்னிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தான். மூன்றாவது தடவை குரல் நடுங்கவில்லை.

மே 18

ஐந்து பேர்தான். மற்றவர்கள் டி.சி. வாங்கும் அலைச்சல், விண்ணப்பம்.

மே 25, ஞாயிறு

மூன்று நாள் நேரக் குறிப்பு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்ன செய்தேன் என்று ஒரு வரி, பக்கத்தில் தன் மூன்று சீட்டில் எதற்காவது போனதா என்று ஒரு டிக். இதை அவசரமாகச் செய்தால் பிள்ளைகள் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். "எல்லாம் போன்லயே போச்சுக்கா." அங்கே நிறுத்தி, போனில் என்ன என்று பிரிக்க வேண்டும். ஒருத்தி போனில் இருந்த மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி, நெய்வேலிக்குக் குடிபோன சிநேகிதியோடு பேசியது. அவள் முதல் சீட்டே 'கூட இருக்கறது'. டிக் போடாமல் விட்டிருந்தாள்.

மாற்றம் ஒன்றே ஒன்று, தினம் பத்து நிமிஷம். அதற்கு மேல் யார் உறுதி சொன்னாலும் குறைத்துவிடுகிறேன்.

ஜன்னலோரப் பெண் போகும்போது, "அக்கா, சீட்ட மாத்திக்கலாமா, பின்னாடி?" என்று கேட்டாள். எப்ப வேணாலும் என்றேன். ஐந்து வாரத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி.

மே 31, சனி

திங்கள் பள்ளி திறக்கிறது. சீட்டுக் கட்டுகளை எண்ணி அடுக்கினேன். பதினாலு செட்டில் பதிமூன்று சரியாக இருக்கிறது. ஒன்றில் 47. 'யாரும் என்னைக் கேள்வி கேக்காம இருக்கறது' இல்லை. பாய்க்கு அடியிலும் பார்த்தேன். சார்ட் பேப்பர் தீர்ந்துவிட்டது, திருப்பாப்புலியூர் போகும்போது வாங்கி அதை மறுபடி எழுத வேண்டும்.